மான்கறியும் நம் அடுப்பும்



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் தலைமையாசிரியர் ஒருவரைப் பேச அழைத்தால், அவர் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசுவார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நான் மான்கறி சமைப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முன்வரிசையில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. சமையல் என்பது படிப்போடு சேராத பொருள் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. ஒரு விலங்கை யார் கொன்றார், யார் சமைத்தார், யார் எந்தத் துண்டை உண்டார், பின்னர் யார் சிறைக்குப் போனார் என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். நம் மக்களின் வரலாற்றில் ஒரு பகுதியே அதில் வெளிப்படும்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். பழனி மலைத்தொடரின் சோலைகளிலும் புல்வெளி ஓரங்களிலும் திரிகின்ற பெரிய மான் கடமான். தெற்கே இதனையே மிளா என்பர். வளர்ந்த ஆண் 200 கிலோவுக்கு மேலும் எடை நிற்கும். கேளையாடு என்பது பெயரளவில்தான் ஆடு. உண்மையில் நாயைப் போலக் குரைக்கும் சிறுமான். 20 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். சருகுமான் முயலைக் காட்டிலும் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. அடிவாரக் காடுகளில் புள்ளிமான் உண்டு. நம் மாநில விலங்காகிய வரையாடு மானினம் அன்று. அது ஆட்டின் உறவு.

நாள்தோறும் ஓடியும் தாவியும் வாழும் விலங்காதலால் மானின் தசையில் கொழுப்பு படர்வதில்லை. ஆட்டிறைச்சியைக் காட்டிலும் கருஞ்சிவப்பாக இருக்கும். இருக்கும் சிறிதளவு கொழுப்பும் ஆறினால் உடனே உறைந்து, மெழுகைப் போல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மான்கறியைச் சுடச்சுட உண்ண வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. நான் உண்டறிந்து சொல்லவில்லை. சட்டம் வந்த பின் வளர்ந்தவன் நான். என் அப்பத்தா சொல்லக் கேட்டதையே சொல்கிறேன்.

சங்க இலக்கியத்தில் மான்கறி பலவிடங்களில் வருகிறது. அவற்றுள் ஓரிடத்தை மட்டும் நீங்கள் மறவாமல் மனத்தில் கொள்ள வேண்டும். புறநானூற்றின் 150ஆம் பாடலை வன்பரணர் பாடியிருக்கிறார். பசித்து இளைத்து, ஒரு பலாமரத்தின் அடியில் உட்கார்ந்திருக்கிறார் புலவர். மான்கூட்டத்தை வேட்டையாடிய குருதி காலில் காயாத ஒருவன் அங்கே வருகிறான். எழ முயன்ற புலவரைக் கையமர்த்தி இருக்கச் செய்கிறான். தன்னோடு வந்த இளைஞர்கள் வந்து சேரும் முன்னரே, தானே தீக்கடைந்து, தானே இறைச்சியைச் சுட்டு, உம் சுற்றத்தோடு உண்பீராக என்று கொடுக்கிறான். போகும்போது அணிந்திருந்த நகையையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பெயரைச் சொல்லாமலே போகிறான். அவன்தான் தோட்டி மலைக்குத் தலைவனாகிய நள்ளி என்பது புலவருக்குப் பிறகுதான் தெரிகிறது. அடுத்து வரும் 152ஆம் பாடலில் கொல்லிமலை ஓரி, தான் வேட்டையாடிய மானின் கொழுப்புள்ள இறைச்சியை வேகவைத்துப் பாணர் கூட்டத்துக்குக் கொடுக்கிறான். மலைபடுகடாம் என்னும் நூலிலும், மலைவாழ் குடியினர் வழிப்போக்கர்க்கு இடும் விருந்தில் கடமான் இறைச்சி இருக்கிறது. புளியும் மோரும் சேர்ந்த உணவு அது. புளிப்பைப் பின்னால் நினைவூட்டுவேன்.

தலைவன் தன் கையால் சமைத்துப் பசித்தவனுக்கு இட்டான் என்பதைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மேடைகளில் அவ்வாறு சொல்வோர் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயினும் உணவைக் கொடுத்த முறையில் இழிவு இருக்கவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். 1845இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். அதன்பின் வெள்ளையர் குடியிருப்பு வளர்ந்தது. கீழ்மலையில் காப்பித் தோட்டங்கள் பெருகின. துப்பாக்கியும் வந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர் ஓரிடத்தில் நிற்பார். தம்பட்டமும் தகரமும் தட்டி, கூச்சலிட்டுக் காட்டைக் கலைத்து விலங்கை அவர் முன் கொண்டுவந்து நிறுத்தக் கூலியாட்கள் வேண்டும். என் பாட்டனார் தம் இளமையில் தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவ்வேலைக்குப் போனவர். முள்ளும் அட்டையும் நிறைந்த காட்டில் காலை முதல் மாலைவரை நடந்தால் அரைநாள் கூலி. விழுந்த மானில் கொம்பும் தோலும் துரைக்கு. தொடையும் முதுகுச்சதையும் பங்களாவுக்கு. சப்பை, நெஞ்செலும்பு ஆகியவை கணக்கர், கங்காணி வீடுகளுக்கு. கழுத்து, கணுக்கால், குடல், தலை ஆகியவை காடு கலைத்தவர்க்கு.

ஒருமுறை அந்தப் பங்கைக் கையில் கொடாமல் கொட்டகைக்குப் பின்னே தரையில் வீசி, பொறுக்கிக்கொள்ளச் சொன்னார்களாம். பாட்டனார் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அடுப்பை மூட்டி வைத்துக் காத்திருந்த அப்பத்தா அன்றிரவு கேழ்வரகுக் கூழ் காய்ச்சினார். எச்சிலாக எறியும் உணவை வாங்காதீர்கள், செத்த விலங்கின் இறைச்சியை விடுங்கள் என்று 1927இல் மகாத் மாநாட்டில் டாக்டர் அம்பேத்கர் நம் மக்களிடம் கேட்டுக்கொண்டார். பாட்டனாருக்கு அப்போது அச்செய்தி எட்டியிருக்க வழியில்லை. தாமாகவே அவர் அந்த முடிவுக்கு வந்தார் என்பதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

இவ்வாறு துண்டுக்குத் துண்டு மதிப்பு வைப்பது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. இங்கிலாந்தில் காட்டு மான் அரசனுடையது, பிரபுவினுடையது. மானைக் கொன்றதற்காக இனி எவனும் உயிரையோ உறுப்பையோ இழக்கலாகாது என்று 1217ஆம் ஆண்டு வனச் சாசனத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படி எழுதியும் 1723இல் கொண்டுவந்த ஒரு சட்டம், முகத்தைக் கருப்பாக்கிக்கொண்டு மான் திருடுவோர்க்குத் தூக்குத்தண்டனை விதித்தது. அதனை நீக்க நூறாண்டு ஆயிற்று. அங்கும் தொடைக்கறி பிரபுவின் மேசைக்கு. ஈரல், நுரையீரல், குடல் ஆகியவை வேலையாட்களுக்கு. மானின் உள்ளுறுப்புகளுக்கு அம்பிள்ஸ் என்று பெயர். அதை மாவில் பொதிந்து சுட்ட பண்டம் அம்பிள் பை. பணிவைக் குறிக்கும் ஹம்பிள் என்ற சொல்லோடு இது ஒலியால் கலந்து, தலைகுனிந்து போவதற்கு ஹம்பிள் பை தின்பது என்னும் வழக்கு ஆங்கிலத்தில் உண்டாயிற்று. பத்தாம் வகுப்பில் இம்மரபுத்தொடரைப் பொருள் மட்டும் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதற்குள் இருக்கும் அடுப்படியையும் சொன்னால் நம் பிள்ளைகள் ஒருபோதும் மறக்கமாட்டார்கள்.

பங்களாவுக்குப் போன தொடையைச் சமைத்தவர் யார்? சென்னை மாகாணத்தில் வெள்ளையர் வீட்டுச் சமையற்கட்டில் நம்மவர் பெருந்தொகையாக இருந்தனர். மாட்டிறைச்சியைத் தொட்டுச் சமைக்க மற்றவர் முன்வராததே முதற்காரணம். 1878இல் கர்னல் கென்னி ஹெர்பர்ட் என்பவர், வைவர்ன் என்ற புனைபெயரில், சென்னைவாழ் ஆங்கிலப் பெண்மணிகளுக்காகச் சமையல் நூல் ஒன்று வெளியிட்டார். பெயர்பெற்ற நூல். அதில் அவர் சமையற்காரரைக் குறிப்பதெல்லாம் ராமசாமி என்ற ஒரே பொதுப்பெயரால். திராட்சை மதுவிலும் வினிகரிலும் இறைச்சியை ஊறவைத்து, கொழுப்பில்லாத சதைக்குள் பன்றிக்கொழுப்பைச் செருகி, பதமாகச் சுட்டு, புளிப்பும் இனிப்புமான பழப்பாகுடன் பரிமாறுவது ஐரோப்பியர் மான்கறிக்குக் கையாளும் முறை. விறகடுப்பின் முன் நின்று அதைப் பழகிக்கொண்டு, நூறுமுறை செய்து காட்டிய மனிதருக்குச் சொந்தப் பெயர்கூட அந்நூலில் இல்லை.

நம் ஊரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாட்டுக்கறி என்றவுடன் மூக்கைப் பொத்துகிறவர், மான்கறி என்றால் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு உட்காருவார். தின்ற கதையைப் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லுவார். இரண்டும் குளம்புள்ள விலங்குதான், இரண்டும் அசைபோடுவதுதான். ஆகவே இழிவும் பெருமையும் இறைச்சியில் இல்லை. எவர் தட்டில் அது இருக்கிறது என்பதைப் பொறுத்தே வருகிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் மதிய உணவின்போது பாத்திரத்தை மறைத்து உண்பதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதனைச் சொன்னேன்.

இப்போது அப்பத்தாவின் அடுப்புக்கு வருகிறேன். அவருக்கு வந்ததெல்லாம் கழுத்தும் கணுக்காலும் குடலும். பிறர் விலக்கிய துண்டுகள். அவற்றை உண்ணத்தக்கதாக்க வித்தை வேண்டும். அந்த வித்தை அவரிடம் இருந்தது.

கழுத்திலும் காலிலும் வெண்ணிறமான நார் மிகுதி. அவசரப்பட்டுக் கொதிக்கவைத்தால் அது ரப்பரைப் போல் இறுகும். மெல்லிய தணலில் மூன்று மணிநேரம் விட்டால் அந்நாரே கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும். கொல்லாஜன் ஜெலாட்டினாக மாறுகிறது என்று நம் அறிவியல் ஆசிரியர் இதைக் கரும்பலகையில் எழுதுவார். எழுதப்படிக்கத் தெரியாத அப்பத்தா, தணல் குறையும்போது காப்பிச்செடிக் குச்சி இரண்டை மட்டும் உள்ளே தள்ளுவார். மூன்றாவது குச்சியைத் தள்ளினால் அம்மாவுக்குத் திட்டு விழும். இறைச்சியை நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். உப்பும் மஞ்சளும், பப்பாளிக்காய் அரைத்த விழுதும் பிசறி ஒரு நாழிகைக்குக் கொஞ்சம் மேலாக வைக்க வேண்டும். அதிக நேரம் விட்டால் மேற்புறம் குழைந்து மாவாகிவிடும். மிளகு, கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய் மூன்றையும் வறுத்து அம்மியில் அரைப்பது வழக்கம். சின்ன வெங்காயமும் மலைப்பூண்டும் நிறைய வேண்டும். இன்று புவிசார் குறியீடு பெற்றுச் சந்தையில் விலையேறி நிற்கும் அதே பூண்டுதான். அன்று கூலியோடு சேர்த்து அளந்து கொடுத்தது. கறியில் கொழுப்பில்லாததால் நல்லெண்ணெயைத் தாராளமாக விடுவார். மண்சட்டியை மூடி, மூடியின் குழிவில் தண்ணீர் ஊற்றுவார். மேலே தண்ணீர் இருப்பதால் உள்ளே எழும் ஆவி குளிர்ந்து சட்டிக்குள்ளேயே திரும்ப இறங்கும். கறி வெந்த பின்பே புளிக்கரைசல் ஊற்றவேண்டும், முன்னே ஊற்றினால் கறி விறைக்கும் என்பார். மலைபடுகடாத்திலும் புளிப்பு, வெள்ளையன் மேசையிலும் புளிப்பு, அப்பத்தா சட்டியிலும் புளிப்பு! காட்டு விலங்கின் வாடையைக் குறைக்க மூன்று இடத்திலும் மனிதருக்குத் தோன்றிய வழி ஒன்றே.

குடலைக் குச்சியில் செருகிப் புறம் திருப்பி, சுண்ணாம்பும் மஞ்சளும் தேய்த்து ஐந்தாறு தண்ணீரில் அலச வேண்டும். தலையையும் காலையும் தீயில் வாட்டிச் சுரண்டி, இரவு முழுதும் தணலில் விட்டு, விடியலில் மிளகு தட்டிப்போட்டுச் சாறாகக் குடிப்பார்கள். மிஞ்சினால் உப்புக்கண்டம். விரல் கனத்துக்கு நீளவாக்கில் அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி, வாழைநாரில் கோத்து வெயிலில் நாலு நாள் காயவிடுவார்கள். மலையில் மழை நாலு நாள் விட்டுவைக்காதாகையால் அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகையிலும் காய்த்தெடுப்பார்கள். வேண்டும்போது இரண்டு துண்டை எடுத்துக் கல்லில் நசுக்கி அவரைக்காய்க் குழம்பில் போட்டால், எட்டுப் பேருக்குச் சாமைச்சோறு இறங்கும். இரண்டு துண்டில் எட்டுப்பேர் உண்ணும் கணக்கை எந்தச் சமையற்கலைக் கல்லூரியும் கற்பிப்பதாக நான் அறியேன்.

இளைஞர்களே, இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியும் அடைபட்டது. 2013இல் கோடைக்கானல் வனவுயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நான் இச்சட்டத்தை வரவேற்கிறேன். ஒரு புலி உயிர்வாழ ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மான்கள் தேவை என்பர்; நமக்கு ஒரு மானும் தேவையில்லை. ஆயினும் சட்டம் எவர் கழுத்தை முதலில் பிடிக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இறைச்சி என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் பச்சை இறைச்சியும் அடங்கும், சமைத்த இறைச்சியும் அடங்கும். ஒருவர் வசம் அது இருந்தால், சட்டத்துக்கு மாறாக வைத்திருந்தார் என்றே 57ஆம் பிரிவின்படி கொள்ளப்படும். அப்படியன்று என்று மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. முதல் அட்டவணை விலங்கானால் தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாது, 7 ஆண்டுவரை போகும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மற்ற இனமானாலும் 3 ஆண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. நான் கொல்லவில்லை, செந்நாய் அடித்துப் போட்டது, வண்டியில் அடிபட்டுக் கிடந்தது என்பதும் உதவாது. செத்துக்கிடக்கும் காட்டு விலங்கும் அரசின் உடைமை. கைக்கு வந்தால் 48 மணிநேரத்துக்குள் காவல்நிலையத்துக்கோ உரிய அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். பளியர் முதலிய பழங்குடியினர்க்குத் தேனும் கிழங்கும் எடுக்கும் உரிமையைத் தந்த 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டமும் வேட்டை உரிமையை வெளிப்படையாக விலக்கிவிட்டது.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன். ஊரையும் பெயரையும் சொல்லமாட்டேன். காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டே தனியார் விருந்தினர் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்தான். வெளியூர் விருந்தாளிகள் ஆசைப்பட்டார்கள், எவரோ சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார், இவன் சமைத்தான். சோதனை வந்தபோது விருந்தாளிகளின் கார் மலையிறங்கிவிட்டது. அடுப்பில் சட்டியும், சட்டிக்கு முன்னே இவனும் மட்டுமே மிஞ்சினர். சமைத்தபின் என்ன விலங்கு என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஐதராபாத்தில் உள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வுமுறை சமைத்த துண்டிலிருந்தும் இனத்தைச் சொல்லிவிடும். அவன் சிறையிலிருந்து பிணையில் வர அவன் தாய் தாலிக்கொடியை அடகு வைத்தார். எழுத்துத் தேர்வில் தேறியிருந்தும், நன்னடத்தை விசாரணையில் வழக்கு நின்றதால் பணி கிட்டவில்லை. 1998இல் ஜோத்பூர் அருகே வெளிமான்களைக் கொன்ற வழக்கில், புகழ்பெற்ற இந்தித் திரைப்பட நடிகர் ஒருவருக்கு 2018 ஏப்ரலில் 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இரண்டு நாளில் அவர் பிணையில் வீடு திரும்பினார். அவருக்குச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள். என் மாணவனுக்கு வழக்கறிஞர் யார் என்று தேடவே பதினொரு நாள் ஆயிற்று. அன்று தொடை பங்களாவுக்குப் போயிற்று. இன்றும் தொடை அங்கேதான் போகிறது. வழக்கு மட்டும் நம் பங்காக வந்து சேர்கிறது.

விடுதிகளிலும் தோட்டங்களிலும் சமையலாளாக, ஓட்டுநராக, காவலாளியாக வேலை செய்யும் பிள்ளைகள் இக்கூட்டத்தில் பலர் இருக்கிறீர்கள். சாக்கில் ஏதேனும் வந்தால் தொடாதீர்கள். முதலாளி சினப்பார், வேலை போனாலும் போகும். வேறு வேலை தேட இச்சங்கம் உங்களுக்கு உதவும். செயலாளர் இதோ மேடையில்தான் இருக்கிறார், அவரை வைத்துக்கொண்டே சொல்கிறேன். காட்டுமுயலும் இவ்வாறே, சுருக்கு வைப்பது, அவுட்டுக்காய் வைப்பது எதுவும் வேண்டா.

ஆனால் அப்பத்தாவின் வித்தையை நாம் இழக்க வேண்டியதில்லை. முற்றிய வெள்ளாட்டின் தொடையும் கழுத்தும் அம்முறைக்கு மிகவும் பொருந்தும். ஒரு கிலோவுக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், முழுப்பூண்டு இரண்டு, மிளகு இரண்டு கரண்டி போதும். ஆட்டில் கொழுப்பு உண்டாகையால் எண்ணெயைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். விறகும் நேரமும் இல்லாதவர்கள் பிரஷர் குக்கரில் வேகவிட்டு, பிறகு திறந்து சிறுதீயில் சுண்டவிடலாம். சுவையில் வேறுபாடு தெரியத்தான் செய்யும். மானைப் போலவே கொழுப்பற்ற இறைச்சி வேண்டுவோர்க்கு வளர்ப்பு முயல் இருக்கிறது. நம் மன்னவனூரிலேயே மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் இறைச்சி முயல்களை வளர்த்து ஆய்வு செய்கின்றனர். இரண்டு குடும்பம் சேர்ந்தால் கூண்டு கட்டி வளர்க்கலாம். முயலுக்குப் பப்பாளி வேண்டா. முக்கால் மணிநேரத்தில் வெந்துவிடும். மூட்டு மூட்டாகப் பிரித்து வெட்ட வேண்டும்.

நம் பெண்கள் பள்ளிப்பிள்ளைகளின் பழைய நோட்டில் இம்முறைகளைச் சொல்லி எழுதவைத்தால், சொன்னவர் பெயரை மேலே எழுதச் சொல்லுங்கள். ராமசாமி என்று எழுத வேண்டா. அவரவர் பெயர், அவரவர் ஊர், எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பது எல்லாம் இருக்கட்டும். கையெழுத்துப் படிகளைத் தைத்து நூலகத்தில் வைக்கப் பள்ளியின் சார்பில் நான் பொறுப்பேற்கிறேன்.

மணி பன்னிரண்டரை ஆகிறது. பின்கட்டில் காலை எட்டு மணிக்கே வெள்ளாட்டுக் கறியைச் சட்டியில் ஏற்றியிருக்கிறார்கள். மூடிமேல் தண்ணீர் ஊற்றும் ஓசை இங்கே கேட்டது. புளி ஊற்றியாயிற்றா என்று மட்டும் எவரேனும் போய்ப் பார்த்து வாருங்கள்.